மூன்றாம் வகுப்பு என்று மட்டும் எழுதிய சீட்டு: அழுத்தக் காலுறைத் தேர்வு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஆறிய கால்புண் மீண்டும் வராமலிருக்க அழுத்தக் காலுறை பரிந்துரைக்கப்பட்ட ஒரு பெண்ணை, எங்கள் கால்புண் சிகிச்சைப் பிரிவு பதினான்கு மாதங்கள் தொடர்ந்து பார்த்ததன் பதிவு இது. முதல் பரிந்துரையில் நாங்கள் செய்த பிழைகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம். அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விடப்பட்டுள்ளன. காலுறைகள் தரும் அழுத்தத்தைப் பொறுத்து அவை முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்று பிரிக்கப்படுகின்றன. அந்த அழுத்தம் மில்லிமீட்டர் பாதரசத்தில் அளக்கப்படுகிறது, கீழே 'மி.மீ.' என்று வரும் இடமெல்லாம் அந்த அளவையே குறிக்கும்.

பின்னணி

நோயாளிக்கு வயது 57. பள்ளி ஆசிரியை, நாளொன்றுக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் நின்றபடி பாடம் நடத்துபவர். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் பிரசவத்தை அடுத்து இடது காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்து, மருந்துகளால் சரியானது. ஆனால் உறைகட்டி கரைந்தபோது சிரைக்குள் இருக்கும் வால்வுகள் பழுதாகிவிட்டன. முழங்காலுக்குப் பின்புறமுள்ள சிரையில் இரத்தம் கீழ்நோக்கித் திரும்புவதை டாப்ளர் ஸ்கேன் காட்டியது. நான்கு ஆண்டுகளுக்கு முன் காலின் மேற்புறச் சிரையை வெப்பத்தால் மூடும் சிகிச்சையும் செய்துகொண்டிருந்தார். எனவே சிரையில் மேலும் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. ஆழ்சிரையின் குறையை வெளியிலிருந்து தரும் அழுத்தத்தால் ஈடுகட்டுவது ஒன்றே வழி.

அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் யாருக்கும் 80 முதல் 90 மி.மீ. வரை இருக்கும். நடக்கத் தொடங்கியதும் கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ள, வால்வுகள் அது திரும்பி இறங்காமல் தடுக்க, நலமான காலில் அந்த அழுத்தம் 30 மி.மீ.க்குக் கீழே இறங்கிவிடும். வால்வு பழுதான காலில் நடந்தாலும் அழுத்தம் போதிய அளவு இறங்குவதில்லை. இந்தப் பெண்ணின் இடது கணுக்காலின் உட்புறம் பழுப்பேறி, தோலும் அதன் அடிக்கொழுப்பும் பலகைபோல இறுகிப்போயிருந்தன. அங்கே வந்த புண் ஐந்து மாதங்கள் நீடித்து, நீட்சி குறைந்த துணிக்கட்டுகளால் ஆறியது. சிரைநோய்களுக்கான சி.இ.ஏ.பி. வகைப்பாட்டில் இது ஐந்தாம் நிலை. அதாவது ஆறிய புண்.

பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மாத்திரை, இரு கைகளிலும் கட்டைவிரல் அடிமூட்டில் தேய்மானம் ஆகியவையும் கோப்பில் இருந்தன. இந்த மூன்றுமே காலுறைத் தேர்வைத் தீர்மானிக்கும் விவரங்கள் என்பதை நாங்கள் பிறகுதான் உணர்ந்தோம்.

முதல் பரிந்துரை

கட்டு அவிழ்க்கப்பட்ட அன்று காலுறைக்கு அளவு எடுக்கப்படவில்லை. அளவெடுப்பவர் அன்று விடுப்பில் இருந்ததால், நான்கு நாள் கழித்து மாலை ஐந்து மணிக்கு, பள்ளி முடிந்து வந்தவரிடம் அளவு எடுக்கப்பட்டது. இடையில் காலில் கட்டும் இல்லை, உறையும் இல்லை. கணுக்காலின் மிகக் குறுகிய இடத்தில் சுற்றளவு 25.4 செ.மீ. என்று பதிவாயிற்று. பரிந்துரைச் சீட்டில் "முழங்கால் வரை, மூன்றாம் வகுப்பு, இடது" என்று எழுதிக் கொடுத்தோம். புண் மீண்டும் வரும் அபாயம் இருந்ததால், தாங்கக்கூடிய மிக உயர்ந்த அழுத்தத்தைத் தருவது என்ற பொது விதியைப் பின்பற்றினோம். விதியில் தவறில்லை. அதிலுள்ள 'தாங்கக்கூடிய' என்ற சொல்லை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதே குறை.

காலுறை கைக்கு வர மேலும் எட்டு நாள் ஆனது. ஆக, ஐந்து மாதக் கட்டில் ஆறிய கால் பன்னிரண்டு நாள் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நின்று வேலை செய்திருக்கிறது. புதிதாக ஆறிய தோல் கிழியாமல் இருந்தது எங்கள் நல்லூழ் என்றே சொல்ல வேண்டும்.

மூன்று வாரங்களுக்குப் பின் கண்டவை

மூன்று வாரம் கழித்துக் குறித்த நாளில் வந்தவரின் காலில் நாங்கள் பரிந்துரைத்த காலுறை இல்லை. அது பைக்குள் இருந்தது. காலில் இருந்தது, அறுவை சிகிச்சைக்காக முன்பு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஓர் உறவினருக்குக் கொடுக்கப்பட்ட வெள்ளைக் காலுறை. படுக்கையில் இருப்பவர்களுக்கு இரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் அந்த வகை, கணுக்காலில் 18 மி.மீ. அளவுக்கே அழுத்தம் தருவது. படுத்திருக்கும் உடலை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. ஆறு மணி நேரம் நிற்கும் காலுக்கு அது உரியதல்ல. பார்வைக்கு எல்லாம் காலுறைதான் என்பதால், இந்த மாற்றம் பலருக்கும் இயல்பாகத் தோன்றுகிறது.

காரணம் கேட்டபோது அவர் தயங்கியபடியே சொன்னார்: "அதைப் போட்டால் பத்து மணிக்கே விரல் மரத்துப்போகிறது. கழற்றினால்தான் உயிர் வருகிறது. திட்டுவீர்களோ என்றுதான் இன்றைக்கு வர யோசித்தேன்." முதல் ஆறு நாள் தினமும் அணிந்திருக்கிறார், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் வாரத்தில் ஒருமுறைகூட இல்லை. அணிவிக்கக் கணவரின் உதவி தேவைப்பட்டிருக்கிறது. இருவரும் சேர்ந்தே பதினான்கு நிமிடம் ஆகிறது என்றும், கணவர் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் நாள்களில் உறை அலமாரியிலேயே இருந்துவிடுகிறது என்றும் சொன்னார்.

எங்கள் எதிரில் ஒருமுறை அணிந்து காட்டச் சொன்னோம். இதை எல்லா நோயாளிகளிடமும் கேட்க வேண்டும். அன்று வரை நாங்கள் கேட்டதில்லை. மேல் விளிம்பைப் பிடித்து மொத்தமாக இழுத்ததில், குதிகால் பகுதி குதிகாலில் அமராமல் இரண்டு விரல் அளவு மேலேறி நின்றது. துணி முன்கணுக்காலில் மடிந்து சுருண்டது. முழங்காலுக்கு மேலே ஏறிய மிச்சத்தை, பாவாடை இடுப்பை மடிப்பதுபோல வெகு இயல்பாகக் கீழே மடித்துவிட்டார். மடிப்பு இருந்த இடத்தில், முழங்கால் மடக்கிலிருந்து இரண்டு விரல் கீழே, பழைய சிவந்த பள்ளம் ஒன்று காலைச் சுற்றி ஓடியது. முன்கணுக்காலில் தசைநாண் மேடாகத் தெரியும் இடத்தில், விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்புத் தழும்பு ஒன்று, ஏறத்தாழ 2 செ.மீ. நீளத்தில் இருந்தது.

கையடக்கக் கருவியின் காற்றுப் பையை உறைக்கு அடியில் வைத்து, படுத்த நிலையில் அழுத்தத்தை அளந்தோம். கணுக்காலுக்குச் சற்று மேலே, கெண்டைத் தசை குதிகால் நாணாகக் குறுகும் உட்புற இடத்தில் 31 மி.மீ. மேலே மடிப்புக்கு அடியில் 47 மி.மீ. கீழே கூடுதலாகவும் மேலே செல்லச் செல்லக் குறைவாகவும் இருக்க வேண்டிய அழுத்தம் தலைகீழாகியிருந்தது. காலுறை இறுக்குக் கயிறாகி, இரத்தத்தை மேலே அனுப்புவதற்கு மாறாகக் கீழேயே தேக்கிக்கொண்டிருந்தது.

இதில் எங்களை உறுத்தியது கணுக்காலின் 31 மி.மீ.தான். நாங்கள் விரும்பியதும் கிட்டத்தட்ட அதே அளவு. அந்த ஓர் இடத்தில் மட்டும் அளந்திருந்தால், எல்லாம் சரி என்று கோப்பில் கையெழுத்திட்டு, நோயாளிக்குப் பொறுமை இல்லை என்று முடிவு கட்டியிருப்போம்.

ஒரே எண், வேறு வேறு அழுத்தம்

காலுறையின் பட்டையைப் படித்தபோதுதான் விவரம் துலங்கியது. பட்டையில் 34–46 மி.மீ. என்று இருந்தது. எங்கள் பிரிவில் மூன்றாம் வகுப்பு என்றால் பிரிட்டன் தரமான பி.எஸ். 6612 சொல்லும் 25–35 மி.மீ. என்ற பழக்கம். விற்பனையாளர் கொடுத்தது ஜெர்மானிய ஆர்.ஏ.எல். தரத்தின் மூன்றாம் வகுப்பு. பிரெஞ்சுத் தரத்திலோ அதே மூன்றாம் வகுப்பு 20–36 மி.மீ. ஜெர்மானியத் தரத்தில் முதல் வகுப்பு 18–21, இரண்டாம் வகுப்பு 23–32, நான்காம் வகுப்பு 49க்கு மேல். பிரிட்டன் தரத்தில் முதல் வகுப்பு 14–17, இரண்டாம் வகுப்பு 18–24. ஆக ஒருவரின் இரண்டாம் வகுப்பு இன்னொருவரின் முதல் வகுப்பாக இருக்கலாம். விற்பனையாளர் மீது தவறு இல்லை. சீட்டில் எழுதியிருந்ததை அவர் அப்படியே கொடுத்தார். சீட்டில்தான் தரத்தின் பெயரும் இல்லை, மி.மீ. அளவும் இல்லை.

அப்படியானால் 34–46 என்று அச்சிட்ட உறை கணுக்காலில் 31 மட்டும் தந்தது எப்படி? மாலையில் வீங்கிய காலில் அளவெடுத்ததால் அளவு ஒரு படி பெரிதாகிவிட்டது. இரவு ஓய்வுக்குப் பின் கால் வற்றியபோது துணி போதிய அளவு நீளவில்லை, அழுத்தம் குறைந்தது. வகுப்பு ஒரு படி கூடுதல், அளவு ஒரு படி பெரிது. ஒரு தவறு மற்றொன்றை மூடி மறைத்திருக்கிறது. ஆனால் அந்த ஈடுகட்டல் கணுக்காலில் மட்டுமே நடந்தது. நீளம் மிஞ்சியதால் மடிப்பு விழுந்தது. துணியின் அடுக்கு கூடினால் அழுத்தமும் கூடும். ஒரே இழுவிசையில், வளைவு குறுகலான இடத்தில் அழுத்தம் அதிகமாகும் என்பது லாப்லாஸ் விதி. முன்கணுக்காலின் நாண் மேடு குறுகிய வளைவு கொண்டது. துணி சுருண்டு அடுக்கானதும் அங்கேதான். தழும்பு வேறெங்கும் விழாமல் அவ்விடத்தில் விழுந்ததற்கு இந்த இரண்டுமே காரணம்.

தமனிகளைப் பற்றிய கேள்வி

விரல் மரத்துப்போகிறது என்று சர்க்கரை நோயாளி சொன்னால், உறையைக் குறை சொல்வதற்கு முன் தமனியைப் பார்க்க வேண்டும். அன்றே காலுறையை நிறுத்தினோம். பழைய கோப்பில், கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை இரத்த அழுத்தத்தால் வகுத்துக் கிடைக்கும் விகிதம் 1.34 என்று எழுதி, பக்கத்தில் 'சரி' என்று குறித்திருந்தது. கையில் 134, கணுக்காலில் 180. எண் 0.8க்கு மேல் இருந்தால் முழு அழுத்தம் தரலாம் என்பதை எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். அதற்கு ஒரு மேல் எல்லை உண்டு என்பதை அவசரத்தில் மறந்துவிடுகிறோம். விகிதம் 1.3ஐத் தாண்டினால், தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, அளவுப் பட்டையால் அதை நசுக்க முடியவில்லை என்று ஐயப்பட வேண்டும். நீண்டகாலச் சர்க்கரை நோயில் இது அடிக்கடி காணப்படுவது. அந்த 1.34 நல்ல செய்தியாக வாசிக்கப்பட்டது. உண்மையில் அந்த அளவை நம்ப முடியாது என்பதே அது சொன்ன செய்தி.

கால்விரலின் சிறு தமனிகளில் இத்தகைய படிவு குறைவு என்பதால் பெருவிரல் அழுத்தத்தை அளந்தோம். 78 மி.மீ.; கையோடு ஒப்பிட்டால் விகிதம் 0.58. 0.7க்கு மேல் இருக்க வேண்டியது. லேசான தமனி அடைப்பு உண்டு, ஆனால் அழுத்தச் சிகிச்சைக்குத் தடை இல்லை என்பது இதன் பொருள். பெருவிரல் அழுத்தம் 30 மி.மீ.க்குக் கீழ், நசுங்கும் தமனியில் கணுக்கால் அழுத்தம் 60க்குக் கீழ் அல்லது விகிதம் 0.6க்குக் கீழ் என்றால் தொடர் அழுத்தம் தரக்கூடாது. இவர் அந்த எல்லைக்கு வெகு தொலைவில் இருந்தார். பாத உணர்வை 10 கிராம் நைலான் இழையால் சோதித்ததில், பெருவிரல் நுனியிலும் அதன் அடிமேட்டிலும் தொடுகை தெரியவில்லை.

குழுவில் ஒருவர் நியாயமான கேள்வி ஒன்றை எழுப்பினார்: ஐந்து மாதம் கட்டுப்போட்டபோது தாங்கிய கால், உறையை மட்டும் ஏன் தாங்கவில்லை? நீட்சி குறைந்த கட்டு, நடக்கும்போது தசை புடைத்து முட்டுகையில் உயர்ந்த அழுத்தம் தரும். கால் ஓய்வில் இருக்கும்போது தளர்ந்துவிடும். மீள்தன்மை மிகுந்த காலுறை ஓய்விலும் ஏறக்குறைய அதே அளவு இறுக்கிக்கொண்டே இருக்கும். தமனி ஓட்டம் சற்றுக் குறைந்த காலுக்கு, இந்த ஓயாத இறுக்கம்தான் சுமை. அதனால் கட்டைத் தாங்கியதை, உயர் அழுத்த உறையையும் தாங்குவார் என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

வலது காலும் ஏன் வீங்கியது

சிரை பழுதானது இடது காலில் மட்டும். ஆனால் அன்று காலை ஒன்பது மணிக்கு அளந்தபோது இடது கணுக்கால் 24.1, வலது 23.9 செ.மீ.; இரண்டிலும் விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. ஒரு காலின் நோய்க்கு இரு கால் வீங்காது. இதயம், சிறுநீரகம், இரத்தப் புரதம் ஆகியவற்றைச் சோதித்ததில் குறை எதுவும் இல்லை. எட்டு மாதங்களுக்கு முன் அம்லோடிபின் 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக உயர்த்தப்பட்டிருந்தது. நுண்தமனிகளை விரித்துக் கணுக்காலில் நீர் சேர்க்கும் பக்கவிளைவு இந்த மருந்துக்கு உண்டு. அளவு கூடினால் அதுவும் கூடும். அவருடைய மருத்துவருக்கு எழுதினோம். அவர் வேறு வகை மருந்துக்கு மாற்றினார். மாத்திரையால் வரும் வீக்கத்தைக் காலுறையின் வகுப்பை ஏற்றி அடக்க முயல்வது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பதற்கு ஒப்பானது.

எந்த அழுத்தம் என்ற முடிவு

மூன்று வழிகள் இருந்தன. அதே 34–46 மி.மீ. உறையைச் சரியான அளவில் மறுபடி தருவது முதலாவது. பெருவிரல் விகிதமும் மரத்த பாதமும் கையிலிருக்கையில் அதை விலக்கினோம். 18–21 மி.மீ. உறைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது அடுத்தது. தனித்தனியே போடுவதால் விரல்களுக்கு எளிது, இரவில் ஒன்றை மட்டும் கழற்றலாம் என்ற வசதிகள் அதற்கு உண்டு. ஆனால் அடுக்கும்போது அழுத்தங்கள் ஏறத்தாழக் கூடிவிடும் என்பதால், சுற்றி வந்து நாற்பதை ஒட்டியே நிற்போம். எஞ்சியது 23–32 மி.மீ. ஒற்றை உறை.

அழுத்தத்தைக் குறைத்தால் புண் திரும்பி வராதா என்ற அச்சம் எங்களுக்கு இருக்கத்தான் செய்தது. 2006இல் வெளியான, ஆறிய சிரைப்புண் உள்ள 300 பேரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்த ஒரு சோதனை இங்கே உதவியது. பிரிட்டன் தரத்தின் மூன்றாம் வகுப்பு அணிந்தவர்களில் 32 விழுக்காட்டினருக்கும், இரண்டாம் வகுப்பினரில் 39 விழுக்காட்டினருக்கும் புண் மீண்டும் வந்தது. அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவினது. ஆனால் தமக்குக் கொடுக்கப்பட்ட வகுப்பைக் கைவிட்டவர்கள் மூன்றாம் வகுப்பில் 42 விழுக்காடு, இரண்டாம் வகுப்பில் 28 விழுக்காடு. உயர் அழுத்தத்தால் சிறிது பயன் இருக்கலாம். அணிந்தால் மட்டுமே அது கிடைக்கும். எங்கள் நோயாளி ஏற்கெனவே அந்த 42இல் ஒருவராகிவிட்டிருந்தார். தவிர, 23–32 என்ற எல்லை, நாங்கள் முதலில் மனத்தில் வைத்திருந்த 25–35க்கு வெகு அருகில்தான் இருந்தது. முதல் சீட்டில் எண்ணை வெளிப்படையாக எழுதியிருந்தால் இவ்வளவு சுற்றுவழி தேவைப்பட்டிராது.

இரண்டு நிபந்தனைகள் சேர்த்தோம். முதல் இரண்டு வாரம் 18–21 மி.மீ. உறையில் தொடங்கி, தோல் தாங்குவதைப் பார்த்த பிறகே 23–32க்கு ஏற வேண்டும். உறை விரல் திறந்த வகையாக இருக்க வேண்டும். விரலின் நிறத்தைப் பார்க்கலாம், உறையை அணிந்தபடியே பெருவிரல் அழுத்தத்தையும் அளக்கலாம். காலின் வடிவம் இயல்பாக இருந்ததால், நிணநீர் வீக்கத்துக்குத் தேவைப்படும் தட்டைப் பின்னல் உறை இங்கே தேவைப்படவில்லை.

மறு அளவெடுப்பும் அணியும் பயிற்சியும்

உடனே அளவெடுக்கவில்லை. மூன்று வாரம் நீட்சி குறைந்த கட்டு, அடியில் பஞ்சு வைத்து, சற்றுத் தளர்வாகப் போடப்பட்டது. முன்கணுக்காலின் தழும்பு ஒன்பதாம் நாள் மறைந்தது. மாத்திரை மாற்றமும் அதே காலத்தில் நடந்தது. காலை எட்டு மணிக்குக் கட்டை அவிழ்த்த கையோடு அளந்தபோது இடது கணுக்கால் 22.9, வலது 22.6. முதல் அளவோடு ஒப்பிட்டால் இடது காலில் 2.5 செ.மீ. குறைவு, அந்த 2.5 செ.மீ.தான் முதல் உறையின் கூடுதல் அளவாக மாறியிருந்தது. கெண்டையின் மிகப் பருத்த இடம், முழங்காலுக்குக் கீழ், தரையிலிருந்து நீளம் ஆகியவற்றையும் எடுத்தோம். உறை வந்த பிறகே கட்டு நிறுத்தப்பட்டது. இடையில் ஒருநாள்கூடக் கால் வெறுமையாக விடப்படவில்லை.

அணியும் பயிற்சிக்கு முழுதாக முக்கால் மணி நேரம் ஒதுக்கினோம். உறையைக் குதிகால் வரை உள்வெளியாகத் திருப்பி, முதலில் பாதத்தை மட்டும் நுழைத்து, குதிகால் குழி குதிகாலில் அமர்ந்ததை உறுதி செய்துகொண்டு, பிறகு துணியைச் சிறிது சிறிதாக மேலே தள்ள வேண்டும். மேல் விளிம்பைப் பிடித்து இழுக்கக்கூடாது. பாத்திரம் கழுவும்போது போடும் ரப்பர் கையுறை அணிந்தால், விரல் நுனியால் கிள்ளி இழுக்க வேண்டியதில்லை. உள்ளங்கையால் தடவியே ஏற்றலாம். தேய்ந்த கட்டைவிரல் மூட்டுக்கு இந்தக் கையுறை செய்த உதவியை வேறு எந்தச் சாதனமும் செய்யவில்லை. 18–21 உறையை முதல் நாளே தனியாக நான்கு நிமிடத்தில் போட்டார். 23–32க்கு ஏழு நிமிடம் ஆனது. மிச்சம் இருந்தால் மடிக்கக் கூடாது, கீழ்நோக்கித் தடவிப் பரப்ப வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லி, மடிப்புக்கு அடியில் அளந்த 47ஐக் காட்டினோம். எண்ணைப் பார்த்ததும் அவர் கேட்ட ஒரே கேள்வி, "இதை ஏன் முதல்லயே சொல்லல?" என்பது.

இரண்டு வாரம் கழித்து 23–32 உறையை அணிந்து அளந்ததில், படுத்த நிலையில் கணுக்காலுக்கு மேல் 27 மி.மீ., முழங்காலுக்குக் கீழ் 16 மி.மீ. அழுத்தம் கீழிருந்து மேலாகக் குறைந்தது. அரை மணி நேரம் அணிந்த பிறகு பெருவிரல் அழுத்தம் 74. உறையில்லாதபோது இருந்த 78இலிருந்து பெரிய மாற்றம் இல்லை.

தொடர்ந்த மாதங்கள்

ஆறாம் வாரத்தில், வாரத்துக்கு ஐந்து நாள் 23–32 அணிவதாகவும், விரல் மூட்டு வலிக்கும் நாள்களில் 18–21 அணிவதாகவும் சற்றுக் குற்ற உணர்வோடு சொன்னார். நாங்கள் அதையே முறையான திட்டமாகக் கோப்பில் எழுதிக்கொண்டோம். ஒரே அழுத்தத்தைத் தினமும் என்று வற்புறுத்தும் கண்டிப்பு, வலிக்கும் நாள்களில் வெறுங்காலில்தான் போய் முடியும்.

நான்காம் மாதத்தில் ஒரு பின்னடைவு. ஒன்பது நாள் எதையும் அணியவில்லை. கெண்டைக்கால் முழுதும் அரிப்பு. காலையில் பசைக் களிம்பு பூசி, அது காயும் முன்னே உறையைப் போட்டிருக்கிறார். உறை வழுக்கியது, அடியில் தோல் வியர்த்துப் புழுங்கியது. களிம்பை இரவுக்கு மாற்றி, வீக்கமடைந்த தோலுக்கு ஒரு வாரம் ஸ்டீராய்டு களிம்பும் தந்த பின் அடங்கியது. எண்ணெய்ப் பசை மீள்நூலையும் கெடுக்கும் என்பதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

ஏழாம் மாதம் வழக்கமான அளவீட்டில் கணுக்கால் அழுத்தம் 21 மி.மீ.க்கு இறங்கியிருந்தது. உறையின் மீள்தன்மை ஏறக்குறைய ஆறு மாதத்தில் தளரும் என்பது தெரிந்ததே. இவர் விஷயத்தில் இன்னொரு காரணமும் இருந்தது: அடிக்கடி துவைத்தால் சீக்கிரம் பழுதாகும் என்று எண்ணி, வாரத்துக்கு ஒருமுறையே துவைத்திருக்கிறார். வியர்வையும் தோலெண்ணெயும் படிந்த நூல் நீண்டே கிடக்கும்; துவைத்தால்தான் சுருங்கிப் பழைய நிலைக்கு வரும். புதிய இணை தரப்பட்டது. இரண்டு உறைகள், ஒன்று காலில், ஒன்று கொடியில் என்று முறை வகுத்தோம்.

பதினான்காம் மாத முடிவில் புண் திரும்பவில்லை. இடது கணுக்கால் மாலையிலும் 23.4 செ.மீ.யைத் தாண்டவில்லை. பெருவிரல் அழுத்தம் 76. பழுப்பு நிறம் மாறவில்லை. இறுகிய தோல் மட்டும் விரலுக்குச் சற்று நெகிழத் தொடங்கியிருந்தது. இதில் காலுறையின் பங்கு எவ்வளவு, மாத்திரை மாற்றத்தின் பங்கு எவ்வளவு என்று ஒரே ஒருவரைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

நடைமுறையில் மாற்றியவை

பரிந்துரைச் சீட்டில் வகுப்பு எண்ணுக்கான கட்டத்தையே எடுத்துவிட்டோம். அங்கே இப்போது மி.மீ. எல்லையும் தரத்தின் பெயரும் எழுத வேண்டும். காலியாக விட்டால் சீட்டு திரும்பி வரும். அளவெடுத்த நேரமும், கடைசிக் கட்டு அவிழ்த்ததற்கும் அளவெடுத்ததற்கும் இடையிலான மணிக்கணக்கும் பதிவாக வேண்டும். கணுக்கால் விகிதம் 1.3க்கு மேல் இருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ பெருவிரல் அழுத்தம் கட்டாயம். 'யார் அணிவிப்பார்' என்ற கேள்வியும், நோயாளியின் கைவிரல்களைப் பார்த்ததற்கான குறிப்பும் சேர்க்கப்பட்டன. முதல் மறுபார்வை மூன்று வாரத்தில் என்றிருந்ததைப் பத்து நாளாகக் குறைத்தோம். அப்போது எங்கள் எதிரில் அணிந்து காட்டிய பின்னரே அழுத்தம் அளக்கப்படும், அதுவும் கணுக்காலிலும் மேல் விளிம்பிலும் என இரண்டு இடத்தில்.

பழைய 34–46 மி.மீ. உறையை நோயாளி எங்களிடமே கொடுத்துவிட்டார். மேல் விளிம்பில் மடித்த கோடு இன்னும் அப்படியே இருக்கிறது. புதிதாகச் சேரும் பணியாளர்களுக்குப் பயிற்சி தரும்போது, அதன் பட்டையையும் எங்கள் முதல் சீட்டின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம்.